கில்ன் வீதிக் கதிரை

இரஞ்சிதத்தின் இரத்த அழுத்தத்துக்குக் காரணம் இரஞ்சிதம்தான் என்று கண்டுபிடிக்க ஆணையத்துக்கு மூன்று வருடம் பிடித்தது. அவளைக் கேட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் வேறு காரணம் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டார்கள். நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள் கேட்டார்கள். அந்தக் காரணத்தை எழுதுவதற்கான கட்டம் மட்டும் படிவத்தில் இருக்கவில்லை.

காரணம் ஒளிந்து கிடக்கிற பொருளும் அல்ல. இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், நல்ல கறுப்பு. கில்ன் வீதி என்று பெயர்ப்பலகையும் உண்டு.

சிட்னியின் மேற்கே, டூங்கபியிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் கில்ன்வேல் வரும். செங்கல் சூளைகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் வீடு கட்டினார்கள். சூளையை இடித்தார்களே தவிர சூட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு வீடு கறுப்புக் கூரை, மருந்துக்கும் மரம் கிடையாது. யாழ்ப்பாணத்தார், மன்னார் முஸ்லிம்கள், தமிழ்நாட்டுக்காரர், நேபாளிகள், சூடான்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். வெள்ளைக்காரர் என்று பார்த்தால் தபால்காரர் ஒருவர் வந்து போவார். ஊரிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக ஒரே வழி கில்ன் வீதி. அதில் முன்பு ஒரு பஸ் ஓடியது. அலுவலக நேரத்தில் ஆள் ஏறவில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஏறுகிற பெண்களுக்கு வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடிந்தால் அது அலுவலக நேரத்தின் குற்றமா என்ன?

இரஞ்சிதத்துக்கு ஐம்பத்தேழு வயது. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. எட்டு மணித்தியாலம் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிவிட்டு, மூன்று மணி வெயிலில் அந்த வீதியை நடந்து கடப்பாள். வீட்டில் ஒரு கார் இருந்தது. கார் ஆம்பிளையோடு போகும் என்பது கில்ன்வேலில் யாரும் எழுதாத சட்டம். அவள் இரண்டு முறை கார் பழகத் தொடங்கி இரண்டு முறையும் பாதியில் விட்டாள். "நான் இருக்கேக்க உமக்கென்னத்துக்கு லைசென்ஸ்?" என்று கேட்டார் கணவர் விக்னராஜா. அவர் இருந்தார் என்பது உண்மைதான். வேறு ஷிஃப்டில் இருந்தார்.

பக்கத்து வீடு சாரா உம்மா. இரஞ்சிதத்துக்கு அவள் 'ராத்தா', அக்கா முறை. மன்னார்க்காரி, அறுபத்திரண்டு வயது, கணவர் இல்லை. ஒரே மகள் மிஸ்னா மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறாள். சீனி வியாதியால் சாரா உம்மாவின் காலில் ஆறாத புண். வாரம் மூன்று நாள் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்குக்கு நடந்துபோய் மருந்து கட்டிக்கொண்டு, நடந்தே திரும்புவாள். புண் ஏன் ஆறவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார்.

இந்த இருவருக்கும் இன்னும் பதின்மூன்று பெண்களுக்கும் என்ன கோளாறு என்று ஆராயத்தான் அயல்நலச் சமத்துவ உயர் ஆணையம் வந்தது. அதன் பெயரில் இருந்த சமத்துவம் அதன் கார் தரிப்பிடத்தில்கூட இருக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியவரின் பதவி எழுதியிருந்தது.

ஆணையத்தின் முதல் கண்டுபிடிப்பு 'செறிவு'. ஒரே மாதிரியான மனிதர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தால் அதற்குப் பெயர் செறிவு. நகரின் மறுபக்கம் எல்ம்ஃபீல்ட் என்ற ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு வெள்ளைக்காரர் சேர்ந்து வாழ்ந்தார்கள். அதற்குப் பெயர் எல்ம்ஃபீல்ட்.

இரண்டாவது கண்டுபிடிப்பில்தான் அவர்கள் திகைத்துப்போனார்கள். செறிவில் வாழும் ஆண்கள் நன்றாக இருந்தார்கள். பெண்களுக்குத்தான் பிரஷர், சீனி, முழங்கால். ஒரே ஊர், ஒரே சோறு, ஒரே கூரை, எப்படி இது? நாற்பது பக்கம் யோசித்தார்கள். ஆண்களைச் சமூகம் தாங்குகிறது, பெண்களைப் பண்பாடு வாட்டுகிறது என்று முடித்தார்கள். யார் காரில் போகிறார்கள், யார் வெயிலில் நடக்கிறார்கள் என்ற கேள்வி அந்த நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

இதை விளக்க ஆணையத்தின் சமூகத் தொடர்பு இயக்குநர் சடகோபன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்துக்கு வந்தார். தமிழ்நாட்டுக்காரர், படித்தவர், நல்ல மனிதரும்கூட. அதுதான் பெரிய தொல்லை. பஸ்ஸைக் கேட்போம், பஸ் இல்லையென்றால் பாதி வழியில் ஒரு நிழலும் இருந்து இளைப்பாற ஒரு வாங்கும் கேட்போம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். அங்கேதான் ஒரு பிழை விட்டார்கள். முறைப்பாடு சொல்லப் போனாலும் வெறுங்கையோடு போவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. எண்பது ரோல்ஸ், ஒரு பெரிய தட்டு உளுந்து வடை, சாரா உம்மாவின் வட்டிலப்பம், மூன்று ஃபிளாஸ்க் தேத்தண்ணி. போதாததற்குப் பட்டுச் சேலை வேறு.

சடகோபன் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டார். கண் கலங்கினார்.

"அம்மா, உங்ககிட்ட இருக்கிறது சாதாரண விஷயம் இல்ல. நான் எல்ம்ஃபீல்டுல வீடு வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது. இந்த ஒத்துமைய நாங்கல்லாம் தொலைச்சிட்டோம். நடந்து போறப்பதானே நீங்க நாலு வார்த்தை பேசிக்கிறீங்க? ஒரு பஸ்ஸ விட்டு அதக் கெடுக்கணுமா?"

"தம்பி, நடக்கேக்க கதைக்கேலாது," என்றாள் இரஞ்சிதம். "மூச்சு வாங்கும்."

அவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் அறிக்கை வந்தது. சமூகப் பிணைப்பு: பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு. வெளியுதவித் தேவை: மிகக் குறைவு. பரிந்துரை: மூச்சுப் பயிற்சி, ரோல்ஸைப் பொரிக்காமல் ஓவனில் வைத்து எடுத்தல்.

"நாம வடையக் குடுத்து வாய அடைச்சிட்டம் புள்ள," என்றாள் சாரா உம்மா. "நம்மட வாய."

ஆண்களின் ஆரோக்கியம் வீணாகக்கூடாது என்று ஆணையம் அவர்களிலிருந்து நலத் தூதர்களைத் தெரிவு செய்தது. கில்ன்வேலின் தூதர் விக்னராஜா. பச்சை டீஷர்ட் கொடுத்தார்கள். முன்னால் 'நான் நலம், நீங்கள்?' என்று அச்சிட்டிருந்தது. சனிக்கிழமைகளில் அவர் காரில் மண்டபத்துக்குப் போய், நடந்து வந்து வியர்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நடையின் நன்மைகளைப் பற்றிப் பேசினார்.

"நான் டொக்டரிட்டப் போய் எட்டு வரியம். என்ன ரகசியம்? மனதை அமைதியா வைச்சிருக்கிறன். சாப்பாடு நேரத்துக்கு. நித்திரை நேரத்துக்கு."

சாப்பாட்டை நேரத்துக்கு வைப்பது யார் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. இரஞ்சிதம் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினாள். தட்டாவிட்டால் வீட்டுக்குப் போனதும் அவர் முகம் தொங்கும், அந்த அமைதியையும் அவள்தான் பராமரிக்க வேண்டும்.

பிறகு எல்லோருக்கும் காலடி எண்ணும் கருவி கட்டினார்கள். நாளுக்குப் பத்தாயிரம் அடி வைப்பது இலக்கு. இரஞ்சிதத்தின் கருவி பத்தொன்பதாயிரம் காட்டியது. கருவி பழுது என்று மாற்றினார்கள். புதியது இருபதாயிரம் காட்டியது. அவளை மேடைக்கு அழைத்து ஒரு தண்ணீர்ப் போத்தல் பரிசளித்தார்கள்.

அந்தப் போத்தலோடு வீட்டுக்கு நடந்த அன்றுதான் அவளுக்குப் பொறுமை போனது. குசினியிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கினாள். நீல நிற இருக்கை, இரும்புக் கால், முதுகில் சிறிய வெடிப்பு. கில்ன் வீதியின் சரிபாதியில் இருக்கும் விளக்குக் கம்பத்தோடு அதைச் சங்கிலி போட்டுக் கட்டினாள். மேலே ஒரு பழைய குடையையும் கட்டினாள். மறுநாள் கிளினிக்கிலிருந்து வரும்போது சாரா உம்மா அதில் இருந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எனக்கெண்டு ஒரு சிம்மாசனம் போட்டிருக்கா என்ட தங்கச்சி," என்று போகிற வருகிற பெண்களுக்கெல்லாம் சொன்னாள். அந்த வீதியில் அவள் சிரித்ததை இரஞ்சிதம் முதன்முதலாக அன்றுதான் பார்த்தாள்.

பதினோரு நாள் கதிரை நிம்மதியாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் அதில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'சட்டவிரோதமாக வீசப்பட்ட பொருள். விசாரணையில் உள்ளது.' பதின்மூன்றாம் நாள் ஆணையத்தின் பொதுவெளிப் பிரிவு லொறியில் வந்து சங்கிலியை வெட்டி எடுத்துப்போனது. ஒரு கதிரைக்காக அந்த லொறி மூன்று தடவை வந்துபோனது. பஸ் வர முடியாத வீதி அது.

இரஞ்சிதம் தொலைபேசியில் கேட்டாள். சடகோபன் வருத்தத்தோடு விளக்கினார்.

"அது பொதுமக்களுக்கு ஆபத்துங்கம்மா. யாராவது அதுல உட்காந்துட்டா?"

"உட்காரத்தானே தம்பி வைச்சனான்."

"அதேதாங்க பிரச்சினை."

ஆனால் ஆணையம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நிழலுக்கும் பெண்களின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஒரு புதிய ஆய்வு சொல்லிவிட்டது. உடனே 'பச்சைப் பகிர்வு' பிறந்தது. செவ்வாய்தோறும் பத்து மணிக்குக் குளிரூட்டிய பஸ் ஒன்று கில்ன்வேலுக்கு வரும். வேலைக்குப் போகிறவர்கள் அன்று சம்பளமில்லாத லீவு போட வேண்டும். பதினைந்து பெண்களையும் ஏற்றிக்கொண்டு எல்ம்ஃபீல்ட் பூங்காவுக்குப் போகும். அங்கே பெரிய மரங்களின் கீழ் ஒரு மணி நேரம் இருத்தி, பிரஷர் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து விடும். பஸ் கில்ன் வீதி வழியாகத்தான் போனது. கிளினிக் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது.

"தம்பி, செவ்வாய்க்கிழமை எனக்கு மருந்து கட்டற நாள். இதில ஒரு நிமிசம் நிப்பாட்டினா இறங்கிருவன்," என்றாள் சாரா உம்மா.

"அது வேற திட்டம்மா. இது பச்சைத் திட்டம். நடுவுல இறங்கினா டேட்டா கெட்டுடும்."

டேட்டா கெடக்கூடாது என்று சாரா உம்மா மருந்து கட்டும் நாளை புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். புண் கெட்டால் பரவாயில்லை.

எல்ம்ஃபீல்டை இரஞ்சிதம் முன்பே ஒருமுறை பார்த்திருந்தாள். நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு வாடகை வீடு பார்க்க விக்னராஜாவோடு போயிருந்தாள். இப்போதுதான் போய்விட்டது என்றார் வீட்டுத் தரகர். 'வாடகைக்கு' என்ற பலகை அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வாசலில் நின்றது. ஏன் எல்லோரும் கில்ன்வேலிலேயே போய்ச் சேர்ந்துகொள்கிறீர்கள் என்று நூற்றுப்பன்னிரண்டில் ஒரு கேள்வி இருந்தது. விடைக்கு மூன்று தெரிவு கொடுத்திருந்தார்கள்: மொழி, மதம், உணவு.

மூன்றாவது வாரமே எல்ம்ஃபீல்ட்வாசிகள் முறையிட்டார்கள். வெளியாட்கள் பெருந்தொகையாக வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்களாம். ஆணையம் பெண்களின் கழுத்தில் 'பச்சை விருந்தினர்' என்று அட்டை மாட்டிவிட்டது. உணவு கொண்டுவரக்கூடாது, நான்கு பேருக்கு மேல் சேர்ந்து இருக்கக்கூடாது. ஒன்பது புள்ளி நான்கு வாங்கிய சமூகப் பிணைப்பு ஆளுக்கொரு மரத்தடியில் போய் இருந்தது.

ஆனால் பிரஷர் இறங்கியது. பஸ்ஸில் ஏறும்போது நூற்றெண்பத்திரண்டு காட்டிய சாரா உம்மாவுக்கு மரத்தின் கீழ் நூற்றைம்பத்தெட்டு. சடகோபன் குதிக்காத குறை.

"பாத்தீங்களாம்மா? மரம்!"

"ஓம் தம்பி, மரம்," என்றாள் இரஞ்சிதம். "அதைத்தானே நாங்கள் மூண்டு வரியமாச் சொல்லுறம். அங்க ரெண்டு நடுங்கோ."

"மரத்த அங்க கொண்டுவர்றது கஷ்டம்மா. உங்கள இங்க கொண்டுவர்றது ஈஸி."

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, நாற்பத்து மூன்று பாகை வெயில். மருந்து கட்டிவிட்டுத் திரும்பிய சாரா உம்மா பாதி வழியில் அந்த விளக்குக் கம்பத்தடிக்கு வந்திருக்கிறாள். வேலை முடிந்து வந்த இரஞ்சிதம் தூரத்திலேயே கண்டுவிட்டாள். நிலத்தில் இருந்து, கம்பத்தில் சாய்ந்து, காலை நீட்டி இருந்தாள். கதிரை இருந்தபோது நீட்டிய அதே மாதிரி. ஒரு செருப்பு கழன்று தாரில் ஒட்டியிருந்தது. மருந்துப் பை மடியில் பத்திரமாக இருந்தது. இரஞ்சிதம் ஓடினாள். ஐம்பத்தேழு வயதில், அந்த முழங்காலோடு ஓடினாள். பரிசாகக் கிடைத்த போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் தெளித்து, "ராத்தா, ராத்தா" என்று கூப்பிட்டாள். தண்ணீர் தாரில் விழுந்து நொடியில் காய்ந்தது. அம்புலன்ஸ் வரும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மிஸ்னா மெல்பேர்னிலிருந்து வந்தாள். ஜனாஸா முடிந்து வரும்போது காரில் விக்னராஜா ஏசியைக் குறைத்தார். பிறகு சொன்னார்.

"நான் கண்டனான், ரஞ்சிதம். அண்டைக்கு வேலைக்குப் போகேக்க. கதிரையில இருக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டன்."

கதிரையை எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தினமும் இரண்டு முறை அந்த வழியால் போய்வந்த மனிதருக்கு அது இல்லாதது தெரியவில்லை. கண்ணாடியை மூடிக்கொண்டு ஏசியில் போனால் எப்படித் தெரியும்? இரஞ்சிதம் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் போகவில்லை.

ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை, நிலையத்துப் பக்கத்து மண்டபத்தில் வெற்றி விழா. ஆணையாளர் அம்மையாரே வந்திருந்தார். அவர் பேச, சடகோபன் தமிழில் சொன்னார்.

"இந்தப் பெண்களின் சராசரி இரத்த அழுத்தம் நூற்றைம்பத்திரண்டிலிருந்து நூற்றைம்பதாகக் குறைந்துள்ளது. கில்ன்வேலில் ஒரு கல்லைக்கூட அசைக்காமல் இதைச் சாதித்திருக்கிறோம். பிரச்சினை இடத்தில் இல்லை, மனிதர்களிடம்தான் இருக்கிறது என்பதை நிரூபித்திருக்கிறோம்."

இரஞ்சிதம் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு எண்ணுகிறவள். கணக்கு அவளுக்குச் சட்டென்று வரும். மரத்தடியில் இறங்குவது வீட்டுக்கு வந்ததும் ஏறிவிடும், அவளுக்கும் மற்றவர்களுக்கும் பிரஷர் நிரந்தரமாக ஒரு புள்ளியும் இறங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கையில் கொடுத்த அறிக்கையைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: 'பங்கேற்பாளர் 14 திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். காரணம்: தனிப்பட்டது.'

பதினைந்து பேரில் ஆகக் கூடிய பிரஷர் பதினான்காம் இலக்கத்துக்குத்தான். அதைக் கழித்தால் சராசரி இரண்டு புள்ளி இறங்கும். சாரா உம்மா செத்துத்தான் இவர்களுக்கு வெற்றி கிடைத்திருக்கிறது.

அவள் எழுந்தாள். வெளியே போகத்தான் எழுந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். நடுவில், சிவப்புக் கயிறு கட்டி, மேலிருந்து விளக்குப் போட்டு, நீல நிறத்தில் ஒரு கதிரை. முதுகில் சிறிய வெடிப்பு. பக்கத்து அட்டையில் 'மக்களின் தாங்குதிறன். ஆக்கியவர் பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'தயவுசெய்து உட்கார வேண்டாம்.'

இரஞ்சிதம் கயிற்றைத் தூக்கினாள். கதிரையையும் தூக்கினாள். ஆணையாளர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் கில்ன் வீதியில் இறங்கினாள்.

கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் கார் ஊர்ந்து வந்தது. பச்சை டீஷர்ட்டோடு விக்னராஜா தலையை வெளியே நீட்டினார்.

"இஞ்சேரும், ஏறும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். மூண்டு வரியமா ஒருத்தரும் பாக்கேல்லை."

விளக்குக் கம்பத்தடிக்கு வந்ததும் கதிரையை இறக்கினாள். ஓரத்தில் வைக்கவில்லை. வீதியின் நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல் வைத்து அதில் இருந்தாள். விக்னராஜா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு காரை அவளுக்குப் பக்கத்தில் வீதிக்குக் குறுக்கே நிறுத்தினார். அத்தனை வருடத்தில் அந்தக் கார் அவளுக்காக நின்றது அன்றுதான்.

விழா முடிந்து மற்றப் பெண்களை ஏற்றிக்கொண்டு பச்சைப் பகிர்வு பஸ் வந்தது. போக வழியில்லாமல் நின்றது. சடகோபன் இறங்கி ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை. அந்த வீதியில் அவர் கால் வைத்தது முதல் தடவை.

"அம்மா, என்ன இது? இங்க ஸ்டாப் கிடையாதும்மா."

"இப்ப இருக்கு."

பஸ் கதவு திறந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கதிரையைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் கூடினார்கள். சடகோபன் வெயிலையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்க தோஷம், பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்தார். இரஞ்சிதம் மறுக்காமல் கையை நீட்டினாள். கருவி இரைந்து, இறுகி, நூற்றுத்தொண்ணூற்றாறு என்று காட்டியது.

"இவ்வளவு ஏறியிருக்கே! காரணம்..."

"சாரா உம்மா எண்டு எழுதுங்கோ. கில்ன் வீதி எண்டு எழுதுங்கோ. என்ர கதிரைய ஆர் எடுத்தது எண்டும் எழுதுங்கோ."

அவர் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், பாவம்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்களேம்மா."

"ஓம்," என்றாள் இரஞ்சிதம். காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். "நீங்கள் போய்க் கட்டத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."